சபுராளியும் தொட்டிலும்

‘ஸபர்’ என்னும் அரபுச் சொல்லுக்குப் பயணம் என்பது பொருள். நம் கடற்கரை ஊர்கள் அச்சொல்லைத் தமிழாக்கிக்கொண்டு, பொருள் தேடிக் கடல் கடந்தவரைச் ‘சபுராளி’ என்று அழைத்தன. கொழும்பு, இரங்கூன், பினாங்கு எனச் சென்ற முன்னோருள் சிலர் ஆங்கும் மணம் புரிந்தனர். பினாங்கின் ‘ஜாவி பெரானாக்கான்’, பர்மாவின் ‘சர்பாதி’ ஆகிய சமூகங்கள், இந்திய முஸ்லிம்கள் அந்நாட்டுப் பெண்டிரை மணந்ததால் கிளைத்தவை.

1973இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் திறந்த வளைகுடாவின் வாசல் வேறு விதமானது. அங்கே உழைக்கலாம், வேரூன்ற இயலாது. குடும்பத்தை அழைத்துக்கொள்ளக் குறித்த அளவு ஊதியம் வேண்டும். கடைச் சிப்பந்திக்கு அது எட்டுவதில்லை. ஆகவே கணவன் அங்கே, மனைவி இங்கே.

நெடுங்காலமாக மத்ரஸாவில் ஓதிக்கொடுத்துவரும் நாம், இதன் விளைவைச் சேர்க்கைப் பதிவேட்டிலேயே காண்கிறோம். உடன்பிறந்தாரின் வயதுகளுக்கு இடையே நிற்பவை தந்தை விடுப்பின்றிக் கழித்த ஆண்டுகளே. அடுத்த பிள்ளை எப்பொழுது என்பதில் பெற்றோரின் விருப்பத்தைவிட முதலாளியின் இசைவே முந்திக்கொள்கிறது.

இதனினும் நம்மை வருத்துவது ஒன்றுண்டு. நிகாஹ் முடிந்த நாற்பதாம் நாள் மாப்பிள்ளை விமானம் ஏறிவிடுகிறார். சில மாதங்களுக்குள், “பெண் இன்னும் உண்டாகவில்லையா?” என்று ஊர் கேட்கத் தொடங்குகிறது. ஓதிப் பார்க்கும்படி அப்பெண்ணை நம்மிடம் அழைத்து வருகின்றனர். மணமாகி ஐந்தாண்டு என்பார்கள். எண்ணிப் பார்த்தால், இருவரும் சேர்ந்து வாழ்ந்தது ஐந்து மாதமே இருக்கும். ஓராண்டு ஒன்றாக வாழ்ந்தும் கருத்தரிக்காவிடிலே மருத்துவர் பொதுவாகச் சோதனையைத் தொடங்குவர். நாமோ அந்த ஓராண்டையும் அவளுக்கு அளிக்காமலேயே ‘மலடி’ என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். மாப்பிள்ளையைச் சோதிக்க வேண்டுமென்று சொல்வார் அரியர்.

போர்முனைக்குச் சென்ற கணவனை எண்ணி ஏங்கிய பெண்ணொருத்தியின் குரலை இரவில் கேட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், ஒரு பெண் எத்துணைக் காலம் பிரிவைப் பொறுப்பாள் என்று தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் வினவினார்கள். விடை நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள. அதற்கு மேல் படைவீரரைப் பிரித்து வைக்கலாகாது என்று ஆணை பிறந்தது. போருக்கே எல்லை வகுத்தவரின் வழியில் வந்த நாம், பொருளீட்டலுக்கு எல்லை வகுத்தோமில்லை.

மஹர் பேசும் சபையிலேயே, “மீண்டும் எப்பொழுது வருவீர்? எத்தனை நாள் தங்குவீர்?” என்று பெண்ணின் வலீ கேட்கட்டும். அவ்விடையை அறிந்த பின்னரே பெண்ணிடம் சம்மதம் கேட்பது முறை.