ஆறு வருடம் இருந்தவர்

மட்டக்களப்பில் உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், பேச்சு எப்படியும் வெபர் பாதரிடம் போய்ச் சேரும். அமெரிக்காவின் நியூ ஒர்லியன்ஸிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி அவர். புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளை விளையாட்டில் பழக்கி ஆளாக்கினார்; முதுமை வரை இங்கேயே இருந்தார். நகரத்தின் பெரிய மைதானம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளர் என்றால் எங்களுக்கு அளவுகோல் அவர்தான். அதனால், 2022இல் அன்டி மொரிசன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் இலங்கைத் தேசிய அணியைப் பொறுப்பேற்றபோது, இவர் எங்கே எவ்வளவு காலம் இருந்தார் என்றுதான் முதலில் தேடிப் பார்த்தேன்.

1970இல் இன்வர்னெஸில் பிறந்தவர். மத்திய தடுப்பாட்டக்காரர். மன்செஸ்டர் சிட்டி மூன்றாம் தரத்துக்கு இறங்கிக் கிடந்த நாட்களில் அதன் தலைவர். 1999 மே மாதம் வெம்ப்ளியில், ஜில்லிங்ஹாம் அணிக்கு எதிராக இரண்டு கோல் பின்னால் நின்று, கடைசி நிமிடங்களில் சமப்படுத்தி, தண்ட உதைகளில் வென்று மேலேறிய அணி அவருடையது. முழங்கால் காயங்கள் அவரது ஆட்டத்தைச் சீக்கிரமே முடித்துவைத்தன.

எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குப் பிந்திய காலம். வேல்ஸின் வடக்கே, டீ ஆற்றங்கரையில் கொனாஸ் கீ என்றொரு சிறு ஊர். அதன் நோமட்ஸ் கழகத்தை 2015 இறுதியில் ஏற்றார். கிட்டத்தட்ட ஆறு வருடம் அங்கேயே நின்றார். 2018இல் வேல்ஸ் கிண்ணம். 2020, 2021இல் அடுத்தடுத்து லீக் பட்டம். 2019 ஜூலையில் ஐரோப்பியச் சுற்றில் ஸ்கொட்லாந்தின் கில்மார்னொக்கிடம் சொந்த நாட்டில் 1-2 என்று தோற்றார்கள். பிறகு கில்மார்னொக்கின் மைதானத்துக்கே போய் 2-0 என்று வென்று அதை வெளியேற்றினார்கள். அதே ஆண்டு மார்ச்சில் ஸ்கொட்லாந்து சலஞ்ச் கிண்ண இறுதியாட்டம், மொரிசன் பிறந்த அதே இன்வர்னெஸில். விருந்தாளியாக அழைக்கப்பட்ட வேல்ஸ் கழகம் ஒன்றை இறுதி வரை கூட்டிக்கொண்டு ஒருவர் தன் ஊருக்குத் திரும்பிப் போகிறார்! ரொஸ் கவுண்டியிடம் 3-1 என்று தோற்றார்கள். வென்ற கிண்ணங்களைவிட அந்தத் தோல்விதான் எனக்கு அவர்மேல் மதிப்பைக் கூட்டியது. அப்படியொரு அணி ஒரு பருவத்தில் உருவாகாது.

இலங்கையில் அவருக்குக் கிடைத்தது என்ன? 2022 ஜூனில் உஸ்பெகிஸ்தானில் ஆசியக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டங்கள், மூன்றிலும் தோல்வி. 2023 ஜனவரியில் ஃபீபா இலங்கையைத் தடைசெய்தது. நிர்வாகத்தில் நடந்த வெளித்தலையீடுகளே காரணம். ஆகஸ்ட் வரை சர்வதேச ஆட்டம் எதுவும் இல்லை. தேசிய அணிக்கு ஆட்டமே இல்லாவிட்டால் பயிற்றுவிப்பாளர் எதை வைத்து அணியைக் கட்டுவார்? தடை நீங்கிய கையோடு ஒக்ரோபரில் யேமனுடன் உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்று. வெளியே 3-0 தோல்வி. கொழும்பில் 1-1. அந்தச் சமநிலையை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் அதன்மேல் கட்டியெழுப்ப அவருக்குக் காலம் வாய்க்கவில்லை.

இங்கே மட்டக்களப்பு வாவியின் இரு பக்கமும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், கழகமில்லாத கிராமத்தைத் தேடத்தான் வேண்டும். மாரியில் வெள்ளம் நிற்கும் நிலத்தில், தண்ணீர் வற்றியதும் பொடியன்கள் கோல் கம்பம் நட்டுவிடுவார்கள். கொழும்பு 300 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. தேசிய அணிக்கு வருகிறவர் இந்தப் பொடியன்களின் ஆட்டத்தை எப்போது பார்ப்பார்? கொனாஸ் கீ மாதிரி ஒரு சிறு ஊரிலிருந்து ஐரோப்பிய ஆட்டம் வரை போகும் வழி தெரிந்த மனிதர் நம் நாட்டில் இருந்தார். அவரை வாவிக்கரைக்குக் கூட்டிவந்து ஒரு சுற்றுப்போட்டியை முழுதாகப் பார்க்க வைத்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. அடுத்து வருகிறவர் எந்த நாட்டவரானாலும், அவருடைய ஒப்பந்தத்தில் மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாண மைதானங்களுக்கான நாட்களையும் எழுதுங்கள். காலத்தை ஆறு வருடம் என்று போடுங்கள்.