நவம்பர் மாதத்தில் என்ன செய்வாய்?

பாப்பா,

முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டே சென்னை மாரத்தானில் முழுத் தூரமும் ஓடப் போவதாகச் சொல்லிவிட்டு கல்லூரிக்குக் கிளம்பிவிட்டாய். அன்றிலிருந்து உன் அம்மா என்னிடம்தான் முறையிடுகிறாள். ‘படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு மாமா?’ என்கிறாள். ஓடட்டும் என்றுதான் சொன்னேன். ஆனால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்: நவம்பர் மாதத்தில் என்ன செய்வாய்?

கணக்குப் போட்டுப் பார். அந்த ஓட்டம் ஜனவரித் தொடக்கத்தில் வருகிறது. நாலு மாதமாவது முறையாகப் பழக வேண்டும். செப்டம்பரில் தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமைகளில் 25, 30 கிலோமீட்டர் என்று நீளும் ஓட்டங்கள் நவம்பரிலும் டிசம்பரிலும் வரும். செமஸ்டர் தேர்வும் அப்போதுதான். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான்.

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். மூன்று சுற்று வந்தால் 42. மாரத்தானுக்கு அதற்கு மேல் 195 மீட்டர்தான். பௌர்ணமிக்கு மறுநாள் நம் தெருவில் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்குகிறவர்களைப் பார்த்திருப்பாய். அவர்கள் ஒரே ஒரு சுற்று, அதுவும் நடந்து வந்தவர்கள்.

நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டால் போதும் என்று உனக்கு எல்லாரும் சொல்வார்கள். காலை ஐந்திலிருந்து ஏழு ஓட்டம், எட்டிலிருந்து படிப்பு என்று அட்டவணை போட்டுக் கொடுப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நேரம் கிடைத்துவிடும், களைப்பு தீராது. 30 கிலோமீட்டர் ஓடிய பகலில் புத்தகத்தைத் திறந்தால் ஒரே பக்கத்தை மூன்று தரம் படிப்பாய். இரவு ஒரு மணி வரை படித்துவிட்டு விடியலில் ஓடினால் அன்று முழங்கால் பேசும். ஓடுவதும் படிப்பதும் ஒரே உடம்பு. பலர் தூக்கத்தைக் குறைத்து இரண்டையும் சமாளிக்கப் பார்க்கிறார்கள். தசை தேறுவதும் படித்தது மனதில் பதிவதும் அந்தத் தூக்கத்தில்தான் நடக்கிறது.

ரோஜர் பானிஸ்டரைப் பற்றிப் படித்துப் பார். 1954 மே 6-ஆம் தேதி ஆக்ஸ்போர்டில் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி, நாலு நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர் ஆனவர். ஒரு மைல் எங்கே, உன் 42 கிலோமீட்டர் எங்கே என்பாய். சரிதான். ஆனால் அவர் அப்போது லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் மருத்துவ மாணவர். அதற்கு முன் ஆக்ஸ்போர்டில், ஓடும்போது மூச்சு எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்தவர். மதிய உணவு இடைவேளையில்தான் அவருக்குப் பயிற்சி. கால் மைல் வீதம் பத்து ஓட்டம், இடையிடையே சிறு ஓய்வு. அந்த ஏப்ரலில் கால் மைலுக்கு 61 விநாடி என்ற இடத்தில் சிக்கிக்கொண்டார். எவ்வளவு முக்கியும் அறுபதுக்கு வரவில்லை. என்ன செய்தார்? பயிற்சியைக் கூட்டவில்லை. நண்பர் கிறிஸ் பிராஷரோடு ஸ்காட்லாந்துக்கு மலையேறப் போய்விட்டார். திரும்பி வந்து ஓடினார், 59. போட்டிக்கு முந்தைய சில நாட்கள் ஓடவே இல்லை. போட்டி நாள் காலையிலும் மருத்துவமனைக்குப் போய் வேலை பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறினார். அந்த ஆண்டோடு ஓட்டத்தை நிறுத்தி நரம்பியல் மருத்துவரானார். அந்தச் சாதனையைவிட நரம்பியலில் செய்த வேலைதான் தனக்குப் பெருமை என்று பின்னாளில் சொல்லிவந்தார். அவர் கதையில் எனக்குப் பிடித்த இடம் அந்த மலையேற்றம்தான். ஓடாமல் இருக்கவும் ஒரு துணிச்சல் வேண்டியிருக்கிறது.

நீண்ட ஓட்டத்துக்குத்தான் ஆள் வேண்டுமென்றால் ஆலன் டூரிங் இருக்கிறார். கணினிக்கு அடித்தளம் போட்டவர். 1947-இல் இங்கிலாந்தின் மாரத்தான் போட்டியில் 2 மணி 46 நிமிடத்தில் ஐந்தாவதாக வந்தார். கணினி வடிவமைப்பில் மண்டை காய்ந்த காலத்தில் ஓடியவர். 

இப்போது நவம்பருக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஹிக்சன் என்பவரும் கூட்டாளிகளும் 1980-களில் சோதித்துப் பார்த்தார்கள். வாரம் ஆறு நாள் கடுமையாகப் பழகியவர்களை இரண்டு நாளாகக் குறைக்கச் சொன்னார்கள். பதினைந்து வாரம் கழித்தும் உடம்பு ஆக்ஸிஜனை உள்வாங்கும் திறன் சரியவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் பழைய வேகத்தோடு பழகியிருக்க வேண்டும். இன்னொரு சோதனையில் வேகத்தைத் தளர்த்தியவர்களிடம் திறன் சரிந்தது. ஆகவே தேர்வு மாதத்தில் வாரம் இரண்டு நாள், முக்கால் மணி நேரம் சுறுக்காக ஓடு, மற்ற நாட்களை விடு. உன் பாட்டியும் அப்படித்தான், குழித்தறியில் நெய்தவள். ஐப்பசி மழையில் குழிக்குள் ஈரம் ஊறி பாவு நெகிழும். அந்த நாட்களில் தறியோடு மல்லுக்கட்ட மாட்டாள். நூல் இழைத்து வைப்பாள், வெயில் வந்ததும் நெய்வாள்.

ஆனால் ஒன்று. அப்படிக் குறைத்தால் மூச்சுத் திறன் நிலைக்கும், 42 கிலோமீட்டருக்கான கால் வராது. அதற்கு நீண்ட ஓட்டங்கள் வேண்டும். தேர்வு மாதத்தில் அதற்கு இடமில்லை. எனவே இந்த ஜனவரியில் அரை மாரத்தானுக்கு, 21 கிலோமீட்டருக்கு, பெயர் கொடு. முழுத் தூரத்தைப் படிப்பு முடிந்த பிறகு வைத்துக்கொள். ஆரோவில்லில் பிப்ரவரியில் காட்டுப் பாதையில் ஓடுகிறார்கள், பரிசு கிடையாது. எனக்கு அதுதான் பிடிக்கும். உனக்குப் பதக்கம் பிடிக்கும், தெரியும்.

பயிற்சியைத் தொடங்குமுன் ரத்தப் பரிசோதனை செய்துகொள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அது தெரியாமல் ஓடுகிறவள் தன்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருப்பாள்.

விடுமுறைக்கு வந்தால் வேலூர் சாலையில் ஓடாதே, விடியலில் லாரிகள் கண்மண் தெரியாமல் வருகின்றன. செய்யாற்றங்கரையில் ஓடு. ரதசப்தமிக்கு அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வருகிற பக்கம் தரை கெட்டியாக இருக்கும். தெருவில் யாராவது ஏதாவது சொன்னால் என்னிடம் அனுப்பு.

சென்னையில் விடியுமுன்னே ஓட்டம் தொடங்கிவிடும். அன்று இங்கிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர முடியாது. முதல் நாள் மதியமே அத்தை வீட்டுக்குப் போய்விடு, இரவு சாதம் மட்டும் கொஞ்சம் கூடச் சாப்பிடு. அத்தைக்கு நான் போன் போட்டுச் சொல்லிக்கொள்கிறேன்.