கேளாமல் எடுத்த முகம்

வீதியில் நடப்பவன் தன் முகத்தைத் தானே காண்பதில்லை. அதைக் காண்பவர் எல்லாரும் அயலார். அந்த அயலாருள் ஒருவர் கையில் நிழற்படக் கருவி இருந்துவிட்டால், அம்முகம் யாருக்குச் சொந்தம்? சென்னையில் தற்கால வீதி நிழற்படங்களின் கண்காட்சி ஒன்றை, அதைத் தொகுத்தமைத்த அம்மையாரே உடன் வந்து விளக்கக் கண்டபோது, இக்கேள்வி என்னைப் பற்றிக்கொண்டது.

ஏறத்தாழ இருபது பேர் அவரைப் பின்தொடர்ந்தோம். அவர் படங்களைப் புகழவில்லை; பார்க்கக் கற்றுத் தந்தார். முதலில் படத்தின் ஓரங்களைக் கவனிக்கச் சொன்னார். பின்னர், எடுத்தவர் எங்கே நின்றிருப்பார், எவ்வளவு நெருங்கியிருப்பார் என வினவினார். மூட்டைமேல் அமர்ந்து தேநீர் அருந்தும் சுமைத்தொழிலாளி, மழைக்குப் பிளாஸ்டிக் தாளைத் தலையில் கவிழ்த்த பூக்காரி, பேருந்துச் சன்னலில் கன்னம் பதித்த பள்ளிச் சிறுமி என அன்றாடம் நாம் கடந்துபோகும் மாந்தர் அங்கே நம்மை நிறுத்திவைத்தார்கள்.

இக்கலையின் வரலாற்றையும் அவர் சுருங்கச் சொன்னார். 1932-இல் பாரிசின் சேன் லசார் இரயில் நிலையத்தின் பின்புறம், தேங்கிய நீரைத் தாண்டிக் குதித்த ஒருவரை, குதிகால் நீரைத் தொடுவதற்கு முந்தைய நொடியில் ஆன்றி கார்த்தியே பிரசோன் படமாக்கினார். சிகாகோவில் குழந்தைகளைப் பராமரிக்கும் பணி செய்த விவியன் மாயர், இலட்சத்துக்கு மேற்பட்ட படங்களை எடுத்துப் பெட்டிகளில் பூட்டிவைத்தார். 2007-இல் அப்பெட்டிகள் ஏலத்துக்கு வந்தன. 2009-இல் அவர் இறந்த பின்னரே உலகம் அவரைப் போற்றியது. பிறரைக் கேளாமல் படமெடுத்தவரின் வாழ்வும் அவரைக் கேளாமலே பொதுச்சொத்தாயிற்று!

"அம்மா, இவர்களிடம் அனுமதி கேட்டார்களா?" என்றார் எங்களுள் ஒருவர்.

"பெரும்பாலும் இல்லை. கேட்டால் முகம் மாறிவிடும்" என்ற அம்மையார், நியூயார்க் வழக்கொன்றை எடுத்துரைத்தார். பிலிப் லோர்கா டிகோர்சியா என்பவர் 1999 முதல் 2001 வரை டைம்ஸ் சதுக்கத்தில் மின்னொளி விளக்குகளைப் பொருத்தி, தொலைவில் நின்று, வழிப்போக்கர் முகங்களை எடுத்தார். காட்சிக்கு வைத்த 17 முகங்களுள் ஒன்று, பக்தியுள்ள யூத முதியவருடையது. உருவங்கள் பற்றிய கட்டளையைத் தம் மரபு புரிந்துகொள்ளும் முறைக்கு இது முரணானது என்று அவர் வழக்குத் தொடுத்தார். அது கலை, ஆகவே பேச்சுரிமையின் பாற்பட்டது எனக் கூறி, 2006-இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. மேல்முறையீட்டிலும் அவர் வெல்லவில்லை.

சுரூபங்களோடு வளர்ந்த நமக்கு அம்முதியவரின் மறுப்பு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் அவர் கேட்டது சிறிய காரியமன்று. மறுபுறமும் உண்மை உண்டு. மன்னருக்கு ஓவியர் இருந்தனர். கூலித்தொழிலாளிக்கு எவர் இருந்தார்? ஒவ்வொருவரிடமும் அனுமதி பெற்றே எடுப்பதென்றால், எளியவரின் வரலாறு பதிவாகாமலே போயிருக்கும்.

இவ்விரண்டுக்கும் இடையே வழி உண்டா? அம்மையார் இறுதியாகச் சொன்னது எனக்கு விடையளித்தது. நடைமேடையில் வாய் திறந்து உறங்கும் சிறுவனின் படம் ஒன்று வந்ததாம். திறமையில் அதுவே முதன்மையானதாம். "விழித்திருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். உறங்குபவனால் முடியாது. ஆகையால் அதை விலக்கினேன்" என்றார்.

மறுக்க இயலாதவரிடம் கூடுதல் பரிவு வேண்டும் என்பதே அதன் பொருள். இன்று கருவி நம் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இருக்கிறது. வெள்ள நிவாரண அரிசியை வாங்க நீளும் கையையும், மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவரையும் நாம் படமெடுக்கிறோம். பசித்தவர் எப்படி மறுப்பார்? தருமத்தை மறைவில் செய்யக் கற்பித்த மலைப்பொழிவு, பெறுபவரின் மானத்தையும் காத்தது அன்றோ?

சட்டம் அனுமதிப்பதை எல்லாம் அன்பு அனுமதிப்பதில்லை. கருவியை உயர்த்துமுன், எதிரே இருப்பவரால் "வேண்டாம்" என்று சொல்ல முடியுமா என ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். முடியாதெனில், கண்களால் மட்டும் பார்த்து, அவர் அருகில் சற்று அமர்வோம்.