தோளில் நட்சத்திரம் ஏறும் முன்

ராணுவத்தில் ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல் பிரிவைச் சுருக்கமாக ஜேக் என்போம். கோர்ட் மார்ஷல்களில் சட்ட ஆலோசனை சொல்வதும், விசாரணைக் கோப்புகளில் கருத்து எழுதுவதும் எங்கள் அன்றாட வேலை. அந்தப் பணிக்காலத்தில் எனக்கு மிகுந்த நிறைவு தந்தது வகுப்பறைதான். விடியுமுன் ஓட்டத்தில் தொடங்கி, டிரில்லையும் ஆயுதப் பயிற்சியையும் முடித்துவிட்டு வந்து உட்காரும் கேடட்களுக்கு 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தைக் கற்பிப்பது. ஓய்வு பெற்ற பிறகும் என் மனம் அந்த வகுப்புகளிலேயே நிற்கிறது.

பயிற்சிக் கழகங்களில் சட்டத்துக்கு ஒதுக்கப்படும் நேரம் குறைவு. களப்பயிற்சிக்குக் கிடைக்கும் மதிப்பும் அதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் இந்தக் கேடட் கமிஷன் பெற்று, பதவி உயர்ந்து, ஒருநாள் லெப்டினன்ட் கர்னலாகக் கமாண்டிங் ஆபீசர் நாற்காலியில் உட்காருவார். அப்போது 80ஆம் பிரிவின் கீழ், கோர்ட் மார்ஷல் நடத்தாமலேயே ஒரு ஜவானை 28 நாள் வரை ராணுவக் காவலில் அடைக்கும் அதிகாரம் அவர் கையில் இருக்கும். சம்மரி கோர்ட் மார்ஷல் நடத்தினால் அவர் ஒருவரே நீதிமன்றம். அதிகாரிகளோ ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்களோ (ஜே.சி.ஓ.) இருவர் உடன் அமர்ந்திருப்பார்கள். தீர்ப்பில் அவர்களுக்குப் பங்கில்லை. ஓராண்டு வரை சிறைத் தண்டனை, பணிநீக்கம் இரண்டையும் அவரால் விதிக்க முடியும். ஒரு மாவட்ட நீதிபதி சட்டக் கல்லூரி, வழக்கறிஞர் பணி எல்லாம் கடந்துதான் அந்த இருக்கைக்கு வருகிறார். படை அதிகாரிக்கோ அடித்தளம் இந்தச் சில வகுப்புகள்தான். அதனால்தான் ஒவ்வொரு வகுப்பையும் அவ்வளவு கவனமாகத் தயாரிப்பேன்.

பிரிவு எண்களை மனப்பாடம் செய்வது சட்டம் படிப்பதாகாது. ரைஃபிளைப் பாகம் பாகமாகக் கழற்றி மீண்டும் மாட்டப் பழகுவதுபோல, ஒவ்வொரு குற்றத்தையும் அதன் கூறுகளாகப் பிரித்துப் பார்க்கப் பழக்க வேண்டும். 41ஆம் பிரிவு மேலதிகாரியின் கட்டளையை மீறுவது பற்றியது. கட்டளை இட்டவர் மேலதிகாரியா? அந்தக் கட்டளை சட்டத்துக்கு உட்பட்டதா? அது குற்றம் சாட்டப்பட்டவரின் காதில் விழுந்ததா, அவருக்குப் புரிந்ததா? அவர் வேண்டுமென்றே மீறினாரா? இவற்றில் ஒன்றுக்குச் சான்று இல்லையென்றாலும் குற்றச்சாட்டு நிற்காது. இதைப் பலகையில் எழுதிவிட்டு, 1987இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கைச் சொல்வேன்.

ஒரு சிக்னல்மேன் தன் கமாண்டிங் ஆபீசர் தன்னைக் கொடுமைப்படுத்துவதாக மேலிடத்துக்கு நேராக மனு எழுதினார். உரிய வழியில் அனுப்பவில்லை என்று அவருக்கு 28 நாள் தண்டனை. அதை அனுபவித்துக்கொண்டிருக்கும்போதே, சாப்பிடச் சொல்லி ஒரு ஜே.சி.ஓ. இட்ட கட்டளையை மீறினார் என்று புதுக் குற்றச்சாட்டு வந்தது. மறுநாளே சம்மரி கோர்ட் மார்ஷல். ஓராண்டு கடுங்காவலும் பணிநீக்கமும் விதிக்கப்பட்டன. எவர்மீது அவர் புகார் எழுதினாரோ அவரே அந்த விசாரணையில் அமர்ந்திருந்தார். உச்ச நீதிமன்றம் அந்த நடவடிக்கை முழுவதையும் ரத்து செய்தது. விசாரணை ஒருதலைச் சார்பு கொண்டது, தண்டனை குற்றத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாதது என்று அது சொன்ன காரணங்களை நாட்டின் நீதிமன்றங்கள் இன்றும் மேற்கோள் காட்டுகின்றன. இதைக் கேட்டதும் வகுப்பில் சலசலப்பு எழும். “கட்டளையை மீறியது உண்மைதானே, சார்?” என்று ஒரு கேடட் கட்டாயம் கேட்பார். அந்தக் கேள்வியிலிருந்துதான் உண்மையான பாடம் தொடங்கும்.

அடுத்த பாடம் 1954ஆம் ஆண்டு ராணுவ விதிகளின் 22ஆம் விதி. கமாண்டிங் ஆபீசர் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் கேட்க வேண்டும். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும், தன் தரப்புச் சாட்சிகளை அழைக்கவும் அவருக்கு முழு உரிமை உண்டு. இதை வாயால் சொன்னால் பதியாது. நடித்துக் காட்ட வேண்டும். ஒரு கேடட் கமாண்டிங் ஆபீசராக உட்காருவார். லீவ் முடிந்து தாமதமாகத் திரும்பிய ஜவானாக இன்னொருவர், தொப்பியும் பெல்ட்டும் கழற்றப்பட்டு, அட்டென்ஷனில் முன்னே நிற்பார். நாற்காலியில் இருப்பவர் பெரும்பாலும் “ஏன் லேட்?” என்றுதான் ஆரம்பிப்பார். அங்கேயே நிறுத்துவேன். “முதலில் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டுங்கள். பிறகு சாட்சியைக் கூப்பிடுங்கள். அவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று இந்த ஜவானைக் கேளுங்கள். அவர் பேச வேண்டிய முறை அதற்கப்புறம்தான்.”

இந்த வரிசை வெறும் சடங்கில்லை. தொப்பியும் பெல்ட்டும் இல்லாமல் விறைத்து நிற்கும் ஜவான் தானாக வாய் திறக்கமாட்டார். அவருக்கு உரிமை இருக்கிறது என்பதை அவருக்கு நினைவூட்ட வேண்டியவரே அந்த அதிகாரிதான். லீவ் கடந்து தங்குவது 39ஆம் பிரிவின்படி குற்றமாக வேண்டுமானால், போதிய காரணம் இல்லாமல் தங்கியிருக்க வேண்டும். ஊரில் வெள்ளம், ரயில் ஓடவில்லை என்ற உண்மை, கேட்டால்தான் வெளியே வரும். நாற்காலிகளை மாற்றி உட்கார வைத்து மறுபடி நடத்துவேன். தொப்பி கழற்றி நின்றுவிட்டு வந்த கேடட், நீதி வழங்கும் இடத்தில் உட்காரும்போது அவர் குரலே மாறியிருக்கும்.

ராணுவக் கல்வியில் சட்டம் இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம் மட்டுமல்ல, சர்வதேசக் கடமையும் ஆகும். 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள், அமைதிக் காலத்திலும் போர்க் காலத்திலும் அவற்றின் விதிகளை ராணுவப் பாடத்திட்டத்தில் சேர்க்கும்படி நாடுகளைக் கட்டாயப்படுத்துகின்றன. போர்க்கைதிகளின் பொறுப்பை ஏற்பவர் கையில் அதன் பிரதி இருக்க வேண்டும், அவருக்கு அதில் தனிப்பயிற்சியும் இருக்க வேண்டும் என்கிறது மூன்றாம் உடன்படிக்கை. 1960இல் நம் நாடாளுமன்றம் ஜெனீவா உடன்படிக்கைச் சட்டத்தை இயற்றியது. எதிரி ஆயுதத்தைக் கீழே போட்ட அந்த நொடியில் என்ன செய்ய வேண்டும் என்பதை யோசிக்கப் போர்க்களத்தில் நேரம் இருக்காது. வகுப்பில் கற்றதே அங்கே கைகொடுக்கும்.

இந்தப் பயிற்சிக் கழகங்களுக்குள் யார் நுழையலாம் என்பதையும் சட்டமே தீர்மானித்து வந்திருக்கிறது. மத்திய அரசு அறிவிக்கும் பிரிவுகளைத் தவிர ராணுவத்தில் வேறெங்கும் பெண்கள் சேர முடியாது என்கிறது ராணுவச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. 1992இல் கதவு கொஞ்சம் திறந்தது. சென்னை பறங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்துக்குப் பெண் கேடட்கள் வந்தார்கள். நிரந்தரக் கமிஷன் கேட்டு அவர்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. பபிதா புனியா வழக்கில் 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அது பிறப்பித்த இடைக்கால உத்தரவால் புனே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் நுழைவுத் தேர்வைப் பெண்களும் எழுதினார்கள். 2025 மே மாதம் அங்கிருந்து 17 பெண்கள் பயிற்சி முடித்து வெளியேறினார்கள்.

முப்படையினரும் ஒன்றாகப் பயிலும் இடங்களில் இன்னொரு சிக்கல் இருந்தது. மூன்று படைகளுக்கும் தனித்தனிச் சட்டம் இருப்பதால், கூட்டுப் பயிற்சி நிலையத்தின் தலைவர் பிற படையினர்மீது நேரடியாக ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியவில்லை. 2023இல் நிறைவேறி 2024 மே 10 முதல் நடைமுறைக்கு வந்த சேவைகளுக்கிடையிலான அமைப்புகள் சட்டம் அந்தத் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. ராணுவ உயர்கல்வியின் நிலை வேறு. கார்கில் போருக்குப் பின், திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையிலான குழு விரும்பிய தேசியப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு 2013இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கான சட்டம் இன்னும் நிறைவேறவில்லை. நீலகிரி வெல்லிங்டனில் உள்ள பாதுகாப்புப் படைகள் ஸ்டாஃப் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பட்டத்தை வழங்குகிறது. கல்வித் தரம் நம்மிடம் இருக்கிறது. அதைத் தாங்கும் சட்ட அமைப்புதான் பின்தங்கியிருக்கிறது.

இதில் என்னை மிகவும் உறுத்துவது கேடட்டின் நிலை. ராணுவச் சட்டத்தை வகுப்பில் படிக்கும் அவர், யாருக்கெல்லாம் அது பொருந்தும் என்று வரிசைப்படுத்தும் 2ஆம் பிரிவில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. கமிஷன் கிடைக்கும் வரை அவர் அதிகாரி அல்ல. ஆகவே தடைப்பயிற்சியில் விழுந்து முதுகெலும்பு முறிந்தால் அவருக்கு முன்னாள் படைவீரர் தகுதி இல்லை. ஓய்வூதியம் என்ற உரிமையும் இல்லை. கிடைப்பது கருணைத் தொகைதான். அதே விபத்து கமிஷன் பெற்ற மறுநாள் நடந்தால் கணக்கு முழுவதும் மாறிவிடும். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, ஆர். மகாதேவன் அமர்வு இதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அதே மாதம் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இப்படிக் காயமடைந்து வெளியேறிய கேடட்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. நல்ல தொடக்கம், ஆனால் மருத்துவ அட்டை மட்டும் ஒரு வாழ்க்கைக்குப் போதாது.

தன் ஜவானுக்கு நியாயமான விசாரணை நடத்தவும், சரணடைந்த எதிரியை மனிதனாக நடத்தவும் கேடட்டுக்குக் கற்றுத் தருகிறோம். அவரே சட்டத்தின் வாசலுக்கு வெளியே நிற்கும்போது அந்தப் பாடத்துக்கு வலு குறைகிறது. பயிற்சிக் கழக வாசலில் கால் வைக்கும் நாளிலிருந்தே கேடட்டின் நிலையையும், காயமடைந்தால் அவருக்குள்ள உரிமையையும் நாடாளுமன்றம் சட்டமாக்க வேண்டும். கமிஷன் பெறப்போகும் இளைஞர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: யூனிட்டுக்குப் போகும்போது ராணுவச் சட்டத்தையும் விதிகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒரு ஜவான் உங்கள் முன் தொப்பி இல்லாமல் வந்து நிற்கும் முன்பே அவற்றைப் படித்து முடித்திருங்கள்.