தாண்டிப் போன பத்தி

மழைக்குப் பஞ்சமில்லாத மலேசியாவில் கள்ளி நமக்கு அழகுச் செடி. அது மாட்டுக்குத் தீவனமும் ஆகும் என்பதை விவசாயப் பாடத்தில்தான் அறிந்தேன். பிரேசிலின் வறண்ட வடகிழக்குப் பகுதியில் முள்ளில்லாக் கள்ளியை இலட்சக்கணக்கான ஹெக்டரில் வளர்க்கிறார்கள். அது இரவில் துளைகளைத் திறந்து காற்றை வாங்கிக்கொண்டு பகலில் மூடிக்கொள்வதால், குறைந்த நீரே போதும். மடலில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான்.

2017 சனவரியில் அப்பாவுடன் இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள பூர்வீகக் கிராமத்துக்குப் போனேன். பருவமழை பொய்த்து, தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்ட நேரம் அது. பெரியப்பா நான்கு மாடுகளில் இரண்டை விற்றிருந்தார். மிச்சமிருந்த இரண்டில் ஒன்று சினை. வைக்கோலை அளந்துதான் போட்டார்.

கண்மாய்க் கரையில் சப்பாத்திக்கள்ளி நின்றது.

"முள்ளைப் பொசுக்கிட்டு இதையே போடலாம் பெரியப்பா. வைக்கோல் மிச்சமாகும்" என்றேன்.

"படிச்ச புள்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும் தாயி" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் மாடுகள் கழியத் தொடங்கின. கள்ளியில் நாரும் புரதமும் குறைவு. உலர்தீவனத்தோடு கலந்தே கொடுக்க வேண்டும். அதே பாடப் பக்கத்தில், அடுத்த பத்தியில் இருந்த செய்தி அது. தேர்வுக்கு வராது என்று நான் தாண்டிப் போன பத்தி.

பெரியப்பா கள்ளியைப் பொடியாக நறுக்கி வைக்கோலோடு கலந்தார். இரண்டு நாளில் சாணம் இறுகியது. "காஞ்சதும் ஈரமும் சேரணும்னு எனக்கே தெரிஞ்சிருக்கணும்" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். நான் வாய் திறக்கவில்லை.

முள்ளில்லாக் கள்ளியை நடலாமா என்று கேட்டார். இம்முறை முழுவதும் படித்த பிறகே பதில் சொன்னேன். வயல்களை அடைத்த கள்ளியை ஒழிக்க 1926இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்கு ஒரு பூச்சியைக் கொண்டுவந்தார்கள். அங்கே வரமான அதே பூச்சி, பின்னாளில் பிரேசிலின் கள்ளித் தோட்டங்களுக்குச் சாபமானது. ஆகவே பூச்சியைத் தாங்கும் இரகமாகப் பார்த்து நட வேண்டும்.

இந்த இதழின் ஒரு பிரதியைப் பெரியப்பாவுக்கு அனுப்பப் போகிறேன். அன்று நான் சொல்லாமல் விட்டது இதில் இருக்கிறது.