கம்போங் சினாங்கில் ஒரு சித்திரை

ஈப்போவிலிருந்து புறப்பட்ட ஆசிரியையின் பெட்டியில் பாதி இடத்தைத் தோழியின் தாயார் கொடுத்தனுப்பிய பொருள்களே பிடித்துக்கொண்டன. முறுக்கு ஒரு டின், எலுமிச்சை ஊறுகாய் இரண்டு போத்தல், பழைய துண்டில் சுற்றிய மிளகாய்த்தூள் பொட்டலம். அவற்றோடு பெட்டியில் வைக்க முடியாத ஒன்றையும் அந்த மூதாட்டி கொடுத்திருந்தார்.

“அவளிடம் சொல்லு. வருடப் பிறப்புக்குப் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும். அடுத்த சித்திரைக்கு நான் இருப்பேனோ என்னவோ, யார் கண்டது?”

ஆசிரியையும் அந்தத் தோழியும் ஒரே தமிழ்ப்பள்ளியில் ஒரே மேசையில் அமர்ந்து படித்தவர்கள். ஒருவர் தமிழாசிரியை ஆனார். இப்போது பணி ஓய்வு பெற்றுவிட்டார். மற்றவர் தாதியானார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தோழியும் அவர் கணவரும் கிறிஸ்துவ அருட்பணியாளர்களாகக் கம்போடியாவுக்குச் சென்றனர். அதன் பின் அவர்கள் ஊருக்கு வந்தது மூன்றே முறை. “மற்றவர் வீட்டு நோயாளிகளைப் பார்க்கப் போனவள், பெற்றவளை மறந்துவிட்டாள்,” என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொள்வது ஆசிரியையின் காதிலும் விழுந்திருந்தது. அவர் அதை மறுத்துப் பேசியதில்லை. மனத்தின் ஓரத்தில் அவருக்கும் அந்த எண்ணம் இருந்தது.

கோலாலம்பூரிலிருந்து இரண்டு மணி நேர விமானப் பயணம். புனோம் பென்னில் இறங்கியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிக்கொண்டார். தோழியின் கணவர் வாகனத்தோடு காத்திருந்தார். அங்கிருந்து ஐந்தாம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வடக்கே ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர் சென்றால் கம்போங் சினாங். நம் மலாய்க் ‘கம்போங்’ போலவே ஒலித்தாலும் அங்கே அச்சொல் ஆற்றங்கரைத் துறையைக் குறிக்கும். ‘சினாங்’ என்றால் சட்டி பானை. மண்பாண்டங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். சக்கரத்தைச் சுழற்றாமல், பானையைச் சுற்றித் தாமே நடந்து நடந்து அதை வனையும் பெண்கள் இன்றும் அப்பகுதியில் இருக்கிறார்கள்.

வழி நெடுகிலும் வயல்கள், வயல் வரப்புகளில் பனைமரங்கள். “அது நம்முடைய பனைதானா?” என்று கேட்டார் ஆசிரியை.

“அதேதான், அக்கா. நுங்கு உண்டு, கள் உண்டு, பனைவெல்லம் உண்டு. இது இந்த நாட்டின் தேசிய மரம்,” என்றார் தோழியின் கணவர். கிராமத்து இளைஞர்களுக்கு மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுப்பது அவருடைய வேலை. கையில் எண்ணெய்க் கறை போகவே இல்லை.

வீடு மரத்தூண்களின் மேல் உயர்ந்து நின்றது. பகல் வாழ்க்கை முழுவதும் வீட்டுக்கு அடியில் உள்ள நிழலில்தான். மூங்கில் கட்டில், தூளி, சாய்த்து வைத்த மிதிவண்டி. பக்கத்து வீட்டு மூதாட்டி தம் பேத்தியோடு விருந்தாளியைப் பார்க்க வந்திருந்தார். இரு கைகளையும் குவித்து வணங்கினார்கள். ஒத்த வயதினரை வணங்கும்போது கை நெஞ்சருகே நிற்கும். பெரியவர்களுக்கு வாய்வரை உயரும். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் மூக்குவரை போகும். விருந்தாளி ஓர் ஆசிரியை என்று தெரிந்ததும் சிறுமியின் கைகள் சட்டென்று மேலே ஏறின. “நியாக் குரு,” என்றாள். பெண் ஆசிரியரை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்.

‘குரு’ என்ற சொல்லைக் கேட்ட மகிழ்ச்சியில் ஆசிரியை குனிந்து, முப்பது ஆண்டுப் பழக்கத்தில், சிறுமியின் தலையைத் தடவிக்கொடுத்தார். சிறுமி பின்வாங்கினாள். மூதாட்டியின் முகம் ஒரு கணம் மாறியது. தோழி விரைந்து கெமர் மொழியில் ஏதோ சொல்ல, மூதாட்டி சிரித்துவிட்டார்.

“இங்கே தலையைத் தொடக்கூடாது. உடம்பிலேயே தலைதான் புனிதமானது,” என்றார் தோழி.

“ஐயோ! இப்போது என்ன சொன்னாய் நீ?”

“நான் வந்த முதல் வாரத்தில் இதையேதான் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.”

அன்றிரவுச் சோற்றோடு ‘பிரஹோக்’ வந்தது. நொதிக்கவைத்த மீன். அதன் வாடை முதலில் தயங்க வைத்தாலும், பெலாச்சான் சம்பல் இல்லாமல் சோறு இறங்காத ஈப்போக்காரர் அதைக் குறை சொல்வது நியாயமாக இருக்காது. ஆசிரியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சிறுமிக்கும் அவருக்கும் மறுநாளே சமாதானம் ஆகிவிட்டது. அவள் தன் பாடநூலைக் கொண்டுவந்து கெமர் எழுத்துகளைச் சுட்டிக்காட்டிப் படித்தாள். “கா, க்ஹா, கோ, க்ஹோ, ஙோ...” அடுத்த வரிசை ‘சா’வில் தொடங்கி ‘ஞோ’வில் முடிந்தது. ஆசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். க, ங, ச, ஞ என்று எத்தனை ஆயிரம் முறை கரும்பலகையில் எழுதியிருப்பார்! பல்லவர் காலத்து எழுத்திலிருந்து பிறந்தது கெமர் எழுத்து. ஆண்டு குறிக்கப்பட்ட மிகப் பழைய கெமர் மொழிக் கல்வெட்டு கி.பி. 611இல் பொறிக்கப்பட்டது. இதையெல்லாம் நூலில் படித்திருந்தாலும், ஒரு சிறுமியின் வாயிலிருந்து கேட்டது வேறு மாதிரி இருந்தது. அவர் தமிழ் வரிசையைச் சொல்ல, சிறுமி கெமர் வரிசையைச் சொல்ல, மதியம் வரை அந்த விளையாட்டு நீண்டது.

அன்றுதான் கெமர் புத்தாண்டின் முதல் நாள். சூரியன் மேட ராசிக்குள் நுழைவதைக் கொண்டு கணிப்பதால் நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியே அதுவும் வருகிறது. மூன்று நாள் கொண்டாட்டம்; முதல் நாளின் பெயர் ‘மஹா சங்கிரான்’. புத்த விகாரையின் முற்றத்தில் மணலைக் குவித்துச் சிறு குன்றுகள் எழுப்பினார்கள். இளைஞர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் மாவு பூசி ஓடினார்கள். ஊரார் அழைத்ததால் தோழியும் கணவரும் விகாரைக்குச் சென்று, கால்களை ஒரு பக்கமாக மடக்கிப் பின்வரிசையில் அமர்ந்தனர். அவர்கள் அங்கே வழிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டில் சிலர் கூடி நடத்தும் செபத்திற்கு மூதாட்டி வருவதுமில்லை. ஆனால், விகாரைக்குச் சோறு சமைக்கப் பெரிய பானை தேவைப்பட்டபோது முதலில் தோழி வீட்டுக்குத்தான் ஆள் வந்தது.

தாயார் சொல்லியனுப்பிய செய்தியைச் சொல்ல ஆசிரியை இருமுறை வாயெடுத்தார். ஒருமுறை, காலில் புண்ணோடு ஒரு மீனவர் வந்துவிட்டார். மறுமுறை தோழி ஊறுகாய்ப் போத்தலைத் திறந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்து, வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். அப்போது சொல்ல மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பெரியவர்களை நீராட்டும் சடங்கு. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நறுமணநீர் ஊற்றி, ஓராண்டில் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும்படி வேண்டிக்கொள்வார்கள். மூதாட்டி மூங்கில் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மல்லிகை மிதந்த நீரை முதலில் மகள் தோளில் ஊற்றினாள், பிறகு பேத்தி. அடுத்துக் கிண்ணம் தோழியின் கைக்கு வந்தது. யாரும் அவரை அழைக்கவில்லை. அது அவருடைய முறை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தோழி மண்டியிட்டு, கிழவியின் கைகளையும் பாதங்களையும் விரல் விரலாகக் கழுவினார். மூதாட்டி ஈரக்கையோடு நீண்ட வாழ்த்துச் சொன்னார். அதில் ஆசிரியைக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. தோழியின் முதுகு குலுங்குவது மட்டும் தெரிந்தது.

மறுநாள் ஏப்ரல் 17. பண்டிகை ஓய்ந்த ஊரில் மூதாட்டி மட்டும் வெளியே வரவில்லை. 1975ஆம் ஆண்டு இதே நாளில் கெமர் ரூஜ் படையினர் புனோம் பென்னைக் கைப்பற்றி, நகரத்து மக்கள் அனைவரையும் வீடுகளிலிருந்து வெளியேற்றினர். 1979 வரை நீடித்த அவர்களின் ஆட்சியில் ஏறத்தாழ 17 லட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. அப்போது தலைநகரில் வாழ்ந்த மூதாட்டி, இரண்டு மகன்களின் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்தாம் எண் சாலையில் நடந்தார். மகன்கள் இருவரும் பிழைக்கவில்லை. இப்போதுள்ள மகள் அதற்குப் பிறகு பிறந்தவள். ஆசிரியை குளிரூட்டிய வாகனத்தில் பனைமரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தது அதே சாலையில்தான்.

“வருடத்துக்கு ஒருநாள் அவர் இப்படிக் கதவைச் சாத்திக்கொள்வார். மாலையில் நான் கஞ்சி கொண்டுபோவேன். பேசமாட்டோம், சும்மா உட்கார்ந்திருப்போம்,” என்றார் தோழி.

ஆசிரியை அப்போதுதான் அந்தச் செய்தியைச் சொன்னார். கூட்டாமல் குறைக்காமல், தாயார் சொன்ன அதே சொற்களில் சொன்னார்.

தோழி அடுப்பிலிருந்த கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருந்தார். “நேற்று அந்தக் கிண்ணத்தைக் கையில் வாங்கியபோது நினைத்தேன். பன்னிரண்டு வருடமாக இங்கே நீர் ஊற்றுகிறேன். என் அம்மாவின் பாதம் எப்படி இருக்கும் என்று எனக்குச் சரியாக ஞாபகம் வரவில்லை.” சற்றுப் பொறுத்து, “அம்மாவால் இன்னும் சம்மணமிட்டு உட்கார முடிகிறதா?” என்று கேட்டார்.

“இல்லை. முட்டிவலி. இப்போதெல்லாம் நாற்காலிதான்.”

“நாற்காலி என்றாலும் ஊற்றலாம்.”

கஞ்சியைத் தூக்குச்சட்டியில் ஊற்றி மூடிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியின் அருகே போய் நின்றார். அதில் மருந்தகத்துக்கு வரச்சொன்ன நோயாளிகளுக்காக வட்டமிட்ட நாள்கள் நிறைந்திருந்தன. ஒவ்வொரு தாளாகப் புரட்டி, வட்டமில்லாத ஒரு வாரத்தைத் தேடினார். பிறகு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் படியேறினார்.