காற்று புறம்போக்கு அல்ல

ஆடிச் சாரலுக்குக் குற்றாலம் போவது எங்கள் குடும்பத்தில் கிட்டத்தட்ட நேர்த்திக்கடன் மாதிரி. போன தடவை நியூஜெர்ஸியிலிருந்து அக்கா மகனும் வந்து சேர்ந்துகொண்டான்.

குற்றாலத்தில் ஒரு கஷ்டம் உண்டு. அருவிக்குப் போனதும் குடும்பம் இரண்டாகப் பிரிந்துவிடும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நனைந்துவிடும் என்று செல்போனை ரூமிலேயே வைத்துப் பூட்டிவிடுவோம். அப்புறம் ஈரத்துண்டோடு ஒருவரை ஒருவர் தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

“இந்தத் தடவை அந்தப் பிரச்னையே இல்ல மாமா” என்று பெட்டியைத் திறந்தான் மாப்பிள்ளை. மஞ்சள் கலரில் இரண்டு வாக்கி டாக்கி. “அங்கே கடையில சாதாரணமா கிடைக்கும். லைசென்ஸ் எதுவும் வேண்டாம். குழந்தைங்ககூட வெச்சு விளையாடும்.” கூடவே ஒரு ஸ்கேனர். போலீஸ், தீயணைப்புக்காரர்கள் வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்வதைக் கேட்கிற பெட்டி. அங்கே பலருக்கு அது பொழுதுபோக்காம். நல்லவேளை, அதை ரூமிலேயே வைத்துவிட்டான்.

ஐந்தருவி. முழங்கால் வலி என்று அக்கா குளிக்கவில்லை. பைகளைக் காவல் காத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். அவள் கையில் ஒரு மஞ்சள் பெட்டி.

“அம்மா, பேசி முடிச்சதும் ‘ஓவர்’னு சொல்லணும். ஓவர்!”

“நீதான்லே ஓவரா பண்ணுத. துண்டை எடுத்துட்டு வரவா, வேண்டாமா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் வந்து நின்றவர் ஒரு போலீஸ்காரர். அவர் தோளிலும் ஒரு வாக்கி டாக்கி, கறுப்பு நிறத்தில்.

“இதுக்கு லைசென்ஸ் இருக்கா தம்பி?”

“இது டாய் மாதிரிதான் சார். யு.எஸ்ல லைசென்ஸே தேவையில்ல.”

“அது அமெரிக்காவுல. இங்க மேல தண்ணி ஏறுச்சுன்னா எனக்கு இதுலதான் சொல்வாங்க. அந்த நேரம் பார்த்து உங்கம்மா துண்டு சமாசாரம் குறுக்க வந்து விழுந்துச்சுன்னா நான் என்ன செய்ய?”

மாப்பிள்ளைக்கு வாய் அடைத்துவிட்டது. இன்ஜினீயர் அல்லவா, அவர் சொல்வது புரிந்துவிட்டது. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் பேசினால் இந்த மாதிரிக் கருவிகளில் வலுவாக வந்து சேரும் குரல்தான் கேட்கும். மற்றது அமுங்கிப்போகும். தூரத்து எச்சரிக்கையை, பத்தடி தள்ளியிருக்கும் அரை வாட் பொம்மை முழுங்கிவிடலாம்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தோளில் இருந்த பெட்டி கரகரத்தது. ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடினார். “ஏறுங்க, ஏறுங்க, எல்லாரும் வெளியே ஏறுங்க!”

முணுமுணுத்துக்கொண்டே ஏறினோம். சற்று நேரத்தில் பால் மாதிரி விழுந்துகொண்டிருந்த அருவி செம்மண் நிறத்துக்கு மாறியது. நாங்கள் நின்று குளித்த இடமே தெரியவில்லை. 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. அது நினைவுக்கு வந்ததும் ஈரத்தோடு நின்ற எனக்குக் கூடுதலாகக் குளிரியது.

எங்களை எச்சரித்ததோடு விட்டுவிட்டார்கள். அது அவர்கள் பெருந்தன்மை. சட்டம் அப்படி இல்லை. ராத்திரி செங்கோட்டைப் பக்கம் பார்டரில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்து, நானும் மாப்பிள்ளையும் இதைத் தேடிப் படித்தோம்.

நம் நாட்டில் 1933-ல் வந்த வயர்லெஸ் சட்டப்படி, உரிமம் இல்லாமல் பேசுவது மட்டுமல்ல, கருவியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். கேட்க மட்டும் பயன்படுகிற கருவியும் அதில் அடக்கம். 2023-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் அந்தப் பழைய சட்டங்களின் இடத்தைப் படிப்படியாகப் பிடிக்கிறது. விலக்கும் உண்டு. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை பேசுகிற, அரசு ஒப்புதல் பெற்ற, சக்தி குறைந்த செட்டுகளுக்கு 2018 விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம். மாப்பிள்ளை கொண்டுவந்ததோ 462, 467-ல் பேசுவது. அமெரிக்காவில் அது பொதுமக்களுக்கு விட்ட இடம். இங்கே அப்படி இல்லை.

வேடிக்கை என்னவென்றால், நம் ஊர் 446-ஐ அமெரிக்காவுக்குக் கொண்டுபோனாலும் வம்புதான். அங்கே அந்த இடம் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய ஹாம் ரேடியோக்காரர்களுக்கு உரியது. ஹாம் லைசென்ஸ்கூட தானாக எல்லை தாண்டாது. போகிற நாடு அதை ஒப்புக்கொள்கிறதா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். ஸ்கேனர் கதையும் அப்படித்தான். இங்கிலாந்தில் அதை வாங்கலாம், வைத்திருக்கலாம். ஆனால் உங்களுக்கென்று பேசப்படாததைக் கேட்பது 2006 சட்டப்படி குற்றம். அமெரிக்காவிலேயே சில மாநிலங்களில் அதைக் காரில் வைத்துக்கொள்ளக் கட்டுப்பாடு உண்டு.

இதையெல்லாம் விட ஆபத்து சாட்டிலைட் கருவி. மும்பையில் 2008-ல் தாக்குதல் நடத்தியவர்கள் சாட்டிலைட் போனைப் பயன்படுத்தினார்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதைக் கொண்டுவர முடியாது. 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணி ஒருவர் சிக்கியது, மலையேறுகிறவர்கள் ஆபத்துக்கு உதவும் என்று பையில் மாட்டிக்கொண்டு திரியும் சின்னக் கருவியால்தான். அவர்கள் ஊரில் அது உயிர் காக்கும் சாமான், இங்கே வழக்கு.

எங்கள் அப்பா வால்வு ரேடியோவுக்கு வருஷா வருஷம் தபால் ஆபீஸில் லைசென்ஸ் பணம் கட்டி வருவார். பாட்டுக் கேட்கிறதுக்கு வரியா என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அந்த லைசென்ஸ் 1980-களிலேயே போய்விட்டது. அதோடு காற்று புறம்போக்கு ஆகிவிட்டது, யாரும் குடிசை போட்டுக்கொள்ளலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. கண்ணுக்குத் தெரியாத வரப்பு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு நாடும் தனித்தனியாகப் பட்டா கொடுத்து வைத்திருக்கிறது.

ஆகவே, வெளிநாட்டுக்குப் புறப்படுகிறவர்கள் பாஸ்போர்ட், விசாவோடு இதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியில் பேசுகிற, கேட்கிற கருவி ஏதாவது இருந்தால் அதன் அலைவரிசை என்ன, எத்தனை வாட், போகிற நாட்டில் அதற்கு அனுமதி உண்டா? அனுமதியை எழுத்தில் வாங்கி, தாளாகவே கையில் வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் சாமானை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ‘கடையில் விற்கிறார்களே’ என்பது எந்த ஊரிலும் பதில் ஆகாது.

மறுநாள் காலையில் பார்த்தேன். மாப்பிள்ளை மூன்று பெட்டியிலும் பேட்டரியைக் கழற்றி, செட்டுகளைத் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தான். அருவிக்கரையில் அக்கா ஒரு சிவப்புத் துண்டை உயர்த்தி ஆட்டினாள். நேரமாச்சு, கிளம்பு என்று அர்த்தம்.

அதற்கு எந்த நாட்டிலும் லைசென்ஸ் தேவையில்லை.